பிரேக் ஆயிலில் எண்ணெய் இல்லை

2024ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு மாலை, போடிமெட்டிலிருந்து முந்தலை நோக்கி இறங்கும் மலைச்சாலையில் எங்கள் பழைய ஜீப் தானாக நின்றது. நான் நிறுத்தவில்லை. நான்கைந்து வளைவுகளுக்கு முன்பிருந்தே அதன் நடை மாறியிருந்தது. இறக்கத்தில் இரண்டாம் கியரில் தானே உருண்டு வரவேண்டிய வண்டி, பின்னாலிருந்து யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் தயங்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தால்தான் நகர்ந்தது. பிரேக் பெடலில் கால் வைத்துப் பார்த்தேன். வழக்கமாகக் கொஞ்சம் உள்ளே போய்ப் பிடிக்கும் பெடல் மேலேயே கல்லைப்போல் நின்றது. அடுத்த வளைவைக் கடந்து சாலையோரம் சற்று அகலமாக இருந்த இடத்தில் எஞ்சின் முனகி அடங்க, வண்டி நின்றுவிட்டது. இறங்கிப் போய் முன்சக்கரத்தின் அருகே கையை நீட்டினேன். தொட்டுப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. எரியும் அடுப்பின் பக்கத்தில் கை நீட்டியதுபோல் இருந்தது. லைனிங் கருகும் அந்த வாடை எனக்குப் புதிதல்ல. இருபது ஆண்டுகளுக்கு முன்பு, இதே சாலையில், இதே வண்டியிலிருந்து அது எழுந்தது. அந்த வாடைக்குக் காரணம் யார் என்பதை நான் ஒருவன் மட்டும் அறிந்திருந்தேன்.

என் தொழில் கல்லூரியில் தமிழ் கற்பிப்பது. ஆனால் என்னைப் படிக்கவைத்தது இந்த ஜீப். அப்பா வாங்கியபோதே அது இரண்டு கை மாறிய வண்டி. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் செய்த ஜீப்பின் வழித்தோன்றல். போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் விடியலுக்கு முன் இத்தகைய ஜீப்புகள் தெருமுனைகளில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. தூக்குச்சட்டியும் மழைத்தாளும் கையில் எடுத்துக்கொண்டு பெண்கள் ஏறுவார்கள். மலையைத் தாண்டி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், களையெடுத்து, பழம் பறித்து, மாலையில் திரும்புவார்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று சட்டம் ஒரு கணக்கு வைத்திருந்தது. தோட்டத்துக் கங்காணி ஒரு கணக்கு வைத்திருந்தார். வண்டி கங்காணியின் கணக்கில்தான் ஓடியது.

அப்பா மலையேறி ஓட்டமாட்டார். ஓட்டியவர் மாமா, அப்பாவின் தங்கை கணவர். பன்னிரண்டு ஆண்டுகள் அந்தச் சாலையில் ஒரு கீறலும் இல்லாமல் ஓட்டியவர். அதிகம் பேசமாட்டார். இறக்கத்தில் எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்பதை மட்டும் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது பலமுறை சொல்லியிருக்கிறார். மெட்டிலிருந்து போடிக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இறக்கம். எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறை நண்பர் ஒருமுறை எனக்குக் கணக்கிட்டுக் காட்டினார். ஆட்களோடு இரண்டு டன் எடையுள்ள வண்டி அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால், அறுபது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடும். கீழ்க் கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். மேல் கியரில் இறங்கினால் அத்தனையையும் நான்கு பிரேக் டிரம்கள் தாங்கவேண்டும். மாமா பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். இந்தக் கணக்கைக் காலால் அறிந்திருந்தார்.

2003ஆம் ஆண்டில் நான் முதுகலை முடித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். புரட்டாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதாவது உபயோகமாகச் செய்யவேண்டும் என்ற உந்துதலில் ஜீப்பைக் கழுவினேன். அந்த வண்டியில் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தகட்டுக்குக் கீழே இருக்கும். தகட்டைத் தூக்கி மூடியைத் திறந்து பார்த்தேன். ஆயில் சற்றுக் குறைந்திருந்தது. மாமா அன்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கொட்டகையில் ஒரு டப்பாவில் எண்ணெய் இருந்தது. எஞ்சினுக்கு ஊற்றியதில் மிஞ்சியது. பொன்னிறமாகத் தெளிவாக இருந்தது. பிரேக்கிலும் ஆயில், டப்பாவிலும் ஆயில். ஒரு தம்ளர் அளவுக்குக்கூட இருக்காது, ஊற்றி மூடினேன். ஓர் உதவி செய்த நிறைவோடு குளிக்கப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படி அதில் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பதினைந்து நாட்கள் கழித்து, ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு மாலையில், திரும்பிவரும் வழியில் ஜீப்பின் பிரேக் பிடித்துக்கொண்டது. முதலில் வண்டி இழுத்திருக்கிறது. மழை, பின்னால் லாரி, நிறுத்த இடமில்லை. ஒரு வளைவில் வலது முன்சக்கரம் சுழலாமல் இறுகிவிட, ஈரத்தில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காமல், வண்டி மலைப்பக்க ஓடையில் சாய்ந்தது. மறுபக்கம் சாய்ந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் தைரியம் எனக்கு வந்திருக்காது. ஒரு பெண்ணுக்குக் காறையெலும்பு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புகள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழையையும் மீறி லைனிங் கருகிய வாடை அங்கே நின்றது. மாமா சாலையோரக் கல்லில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் வண்டியை ஓடையிலிருந்து தூக்கியபோது நான்கு சக்கரங்களும் எந்தத் தடையும் இல்லாமல் சுழன்றன. அதுதான் மாமாவுக்கு எதிரான சாட்சியமாயிற்று. பிரேக்கில் கோளாறு இருந்தால் காலையிலும் இருக்கவேண்டுமல்லவா? மேல் கியரில் விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கியிருக்கிறார், காய்ந்துபோய்ப் பிடித்துவிட்டது என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். டிரம் நீலம் பாய்ந்திருந்தது. லைனிங் கரியாகியிருந்தது. அப்பா மாமாவிடம் சாவியைக் கேட்டார். மாமா மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தார். "தேர்டுல விட்டீங்களா, செகண்டா?" என்று அப்பா கேட்டதற்கு, "செகண்டுன்னுதான் நினைக்கிறேன் மச்சான்" என்றார். அந்த 'நினைக்கிறேன்' என்ற சொல்லை அப்பா கடைசிவரை மன்னிக்கவில்லை.

பட்டறையில் புது லைனிங் ஒட்டி, ஏர் எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டாம் நாளே தேனி சாலையில், மேடோ பள்ளமோ இல்லாத சமவெளியில், அப்பா ஓட்டும்போது அது மறுபடி பிடித்துக்கொண்டது. அதன்பிறகுதான் பழைய மேஸ்திரி ஒருவரிடம் கொண்டுபோனோம். ராணுவப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பா என்னை அங்கே விட்டுவிட்டுப் போனார். அன்று நான் பார்த்ததை, இருபது ஆண்டுகளாக எத்தனையோ உரைகளுக்கு விளக்கம் எழுதியும், அதைவிடத் தெளிவான ஒரு விளக்கமுறையைக் கண்டதில்லை என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

வண்டி சூடேறிப் பிடிக்கும்வரை அவர் அதைப் பட்டறையைச் சுற்றி ஓட்டினார். கோளாறு ஆறிப்போவதற்குள் பார்க்கவேண்டும் என்றார். காய்ச்சல் இருக்கும்போதுதான் வைத்தியரிடம் போகவேண்டும், இறங்கியபின் போனால் அவர் எதைப் பார்ப்பார் என்று கேட்டார். பிறகு சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கி வைத்து ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். நான்கும் இறுகியிருந்தன. "ஒரு சக்கரம் மட்டும் பிடிச்சா அந்தச் சக்கரத்துல தேடணும் தம்பி. ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், வீல் சிலிண்டர் துருப்பிடிச்சிருக்கும், ஹவுசிங் ஆயில் கசிஞ்சு லைனிங்ல இறங்கியிருக்கும். நாலும் சேர்ந்து பிடிச்சா நாலுக்கும் பொதுவான இடத்துல தேடணும்." கைப்பிரேக் காரணமாக இருக்குமோ என்று கேட்டேன். எங்கள் ஜீப்பில் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. பின்பக்கம் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் தனி டிரம்மில் இருக்கிறது. சக்கர டிரம்கள் சூடாகி, அது குளிர்ந்திருப்பதைத் தொட்டுக் காட்டினார்.

அடுத்து ஒரு பின்சக்கரத்தின் பிளீடர் நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்தார். சர்ரென்று ஆயில் பீறிட்டது. உடனே மூடிவிட்டு மற்றச் சக்கரங்களைச் சுற்றச் சொன்னார். நான்கும் விடுபட்டிருந்தன. இந்த ஒரு சோதனையில் பாதி ஐயங்கள் தீர்ந்தன. ஆயில் வெளியேறியதும் சக்கரம் விடுபட்டால், பிடித்துக்கொண்டிருந்தது ஸ்பிரிங்கோ ஷூவோ அல்ல, உள்ளே அடைபட்ட அழுத்தம். ஓரிடத்தில் திறந்ததற்கு நான்கும் விடுபட்டால், இடையில் எந்த ஹோஸும் அடைபடவில்லை. பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாக இருந்தும் உள்ளே சதை வளர்ந்து மூடிக்கொள்ளும் என்றார். காலின் அழுத்தத்தில் ஆயில் உள்ளே போகும், திரும்பி வராது. அப்படியிருந்தால் அந்தச் சக்கரம் மட்டும் விடுபடாமல் நின்றிருக்கும். மறுபடி பெடலை மிதித்து இறுகவைத்து, இப்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பைப் கிளம்பும் இடத்தைத் தளர்த்தினார். அப்போதும் நான்கும் விடுபட்டன. ஆக, அழுத்தத்தைப் பிடித்துவைத்திருப்பது மாஸ்டர் சிலிண்டர்.

அதன் உள்ளமைப்பைத் தரையில் கரியால் வரைந்து காட்டினார். ஆயில் நிற்கும் தொட்டிக்கும் சிலிண்டருக்கும் இடையே ஊசி நுழையும் அளவில் ஒரு துளை உண்டு. பெடலில் கால் இல்லாதபோது பிஸ்டனின் ரப்பர் கப் அந்தத் துளைக்கு மிக அருகில் பின்னால் ஒதுங்கி நிற்கும். துளை திறந்திருக்கும். சக்கரத்தில் சூடேறி ஆயில் விரிந்தால் அந்தத் துளை வழியே தொட்டிக்குத் திரும்பிவிடும். கப் ஒரு மயிரிழை முன்னால் நின்று துளையை மூடிவிட்டால், விரிந்த ஆயிலுக்குப் போக வழியில்லை. அது ஷூக்களைத் தள்ளும். ஷூ டிரம்மில் உரசும். உரசலில் மேலும் சூடேறும். சூட்டில் மேலும் விரியும். ஓட்டுபவர் பெடலைத் தொடவே வேண்டாம், வண்டி தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். ஆறியதும் ஆயில் சுருங்கும், சக்கரம் விடுபடும், ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். "பிரேக் பிடிக்கிறதை எல்லாரும் சரிபார்ப்பாங்க தம்பி. சரியா விடுதான்னு யாரும் பார்க்கிறதில்லை" என்றார்.

கப் முன்னால் நிற்க இரண்டு காரணங்கள் உண்டாம். பெடலிலிருந்து பிஸ்டனைத் தள்ளும் ராடு நீளமாகிப்போயிருக்கலாம். பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். ராடு பிஸ்டனைத் தொடும்முன் பெடல் சுமார் அரை அங்குலம் வெறுமனே நகர்ந்தது. அது சரி. மூடியைத் திறந்து, பெடலை மெல்ல அழுத்தச் சொல்லித் தொட்டிக்குள் பார்த்தார். துளை திறந்திருந்தால் அப்போது சிறு நீரூற்றுப்போல் ஆயில் மேலெழும். எழவில்லை. கழற்றினார். கப் சிலிண்டரிலிருந்து எளிதில் வரவில்லை. குச்சியால் தள்ளி எடுத்தபோது, ஊறவைத்த கொண்டைக்கடலைபோல் உப்பியிருந்தது. புதிய கப்பை அதன் அருகில் வைத்தார். இரண்டும் ஒரே அளவினதாக இருந்தவை என்று நம்ப முடியவில்லை.

மேஸ்திரி ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். புதிய டின்னிலிருந்து பிரேக் ஆயில் சில சொட்டுகள் விட்டுக் கலக்கினார். சர்க்கரைபோல் கரைந்துபோயிற்று. வேறொரு தம்ளரில், எங்கள் வண்டியின் தொட்டியிலிருந்து எடுத்ததை விட்டார். கலக்கியும் ஒரு பங்கு கரையவில்லை. மேலே வட்டவட்டமாக மிதந்தது. பிரேக்கில் ஊற்றுவது எண்ணெயே அல்ல என்று அன்றுதான் அறிந்தேன். அது கிளைக்கால் வகையைச் சேர்ந்த ரசாயனத் திரவம். நீரோடு கலக்கும். காற்றின் ஈரத்தைக்கூட மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 என்ற தரத்தில் புதியதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக்கூடாது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அந்தத் திரவத்துக்குப் பொருந்தும் ரப்பர் மண்ணெண்ணெய்க்கும் எஞ்சின் ஆயிலுக்கும் பொருந்தாது. அவை சிறிதளவு பட்டாலும் உறிஞ்சி உப்பிவிடும்.

"யாரு தம்பி ஊத்துனது?" என்று மேஸ்திரி கேட்டார்.

"தெரியலைங்க" என்றேன்.

அப்பா வந்தார். மேஸ்திரி அவரிடம், ரப்பரெல்லாம் உப்பிவிட்டது, மாஸ்டர், வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றி, பைப்புகளைக் கழுவி, புது ஆயில் ஊற்றவேண்டும் என்றார். "காய்ச்சுனா உப்பத்தானே செய்யும். உங்க மாமா பண்ணுன வேலை" என்று அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார். மேஸ்திரியும் என்னைப் பார்த்தார். நான் பேசுவதற்கு அவர் நேரம் கொடுத்தார் என்றே இப்போதும் நினைக்கிறேன். நான் தரையில் கிடந்த கரிப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கழிவுத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

மாமா அதற்குப்பிறகு வண்டி ஓட்டவில்லை. வேறு ஜீப்காரர்கள் அழைத்தும் போகவில்லை. பூப்பாறைப் பக்கம் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் இரவுக் காவலுக்குப் போனார். அத்தை எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். காறையெலும்பு முறிந்த பெண்ணின் வைத்தியச் செலவை அப்பா கொடுத்தார். மூன்று மாதம் கழித்து அவர் தோட்டத்துக்குத் திரும்பினார் என்றும், வலது கையால் கூடையைத் தூக்க முடியாமல் களையெடுப்புக்கு மட்டும் போகிறார் என்றும் கேள்விப்பட்டேன். அடுத்த ஆண்டு எனக்கு வேலை கிடைத்தது. ஊரைவிட்டுப் போனேன்.

முதலாண்டு மாணவர்களுக்குச் சொற்பொருள் மாற்றம் பற்றிய பாடம் உண்டு. பொருள் விரிவு என்பதற்கு நான் வழக்கமாகத் தரும் எடுத்துக்காட்டு எண்ணெய். எள்ளிலிருந்து எடுத்த நெய் எண்ணெய். பிறகு தேங்காயிலிருந்து வந்ததும் எண்ணெயாயிற்று, கடலையிலிருந்து வந்ததும் ஆயிற்று, மண்ணிலிருந்து வந்தது மண்ணெண்ணெய் ஆயிற்று. எள் எங்கோ பின்தங்கிவிட, சொல் மட்டும் நடந்துவந்துவிட்டது. 2003ஆம் ஆண்டிலும் இது எனக்குத் தெரியும். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஒரு சொல் தான் சுட்டிய பொருளை விட்டு வெகுதூரம் போய்விடக்கூடும் என்று அறிந்த ஒருவன், ஆயில் என்ற சொல்லை நம்பி அந்தத் தொட்டியில் ஊற்றினான். இதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்ட ஆண்டுகள் உண்டு. அறியாமல் செய்தது, சொல் செய்த மயக்கம் என்று. ஆனால் ஊற்றியதற்குத்தான் அறியாமை பொருந்தும். தம்ளரில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்தபின் 'தெரியலைங்க' என்று சொன்னதற்கு எந்தச் சொல்லாராய்ச்சியும் துணைக்கு வராது.

புறநானூற்றில் ஔவையார் பாடல் ஒன்றில் உப்பு வணிகர்கள் மேடுபள்ளம் நிறைந்த வழியை எண்ணி, வண்டியின் அடியில் ஒரு மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போகும் செய்தி வருகிறது. அதைக் கற்பிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஜீப் நினைவுக்கு வரும். அதற்கு மாற்று இல்லை. ஒரே மாஸ்டர், ஒரே வழி, நான்கு சக்கரங்கள். ஓரிடத்தில் கெட்டால் நான்கும் கெடும். அமெரிக்காவில் 1960களின் பிற்பகுதியில் கார்களுக்கு இரட்டை வழி பிரேக் கட்டாயமாயிற்று. ஒன்று பழுதானால் மற்றொன்று தாங்கும். எங்கள் குடும்பமும் ஒற்றை வழியில் இணைக்கப்பட்டதாகத்தான் இருந்தது. அப்பா வழியாகத்தான் எல்லோரும் எல்லோருடனும் பேசிக்கொண்டோம். அவர் 2017இல் காலமானார். மாமாவும் அத்தையும் துக்கத்துக்கு வந்து, வாசலோடு நின்று, திரும்பினார்கள். அப்போதும் நான் சொல்லவில்லை. துக்க வீட்டில் எப்படிச் சொல்வது என்று எண்ணிக்கொண்டேன். துக்கம் இல்லாத வீட்டிலும் பதினான்கு ஆண்டுகள் இருந்திருந்தேன்.

2024ஆம் ஆண்டின் அந்த மாலைக்கு வருகிறேன். ஜீப் இப்போது என் பெயரில் இருக்கிறது. விடுமுறையில் வரும்போது ஓட்டுவேன். ஒரு மாதத்துக்கு முன்புதான் ஊரில் ஒரு பட்டறையில் புது மாஸ்டர் சிலிண்டர் பொருத்தியிருந்தார்கள். சாலையோரத்தில் நின்றபோது எனக்கு அச்சத்தைவிட, வெகுநாள் காத்திருந்த ஒருவர் வந்து கதவைத் தட்டியதுபோன்ற உணர்வே ஏற்பட்டது. மேஸ்திரி காட்டிய வரிசையில் செய்தேன். முதலில் நான்கு சக்கரங்களுக்கும் கனமான கற்களை முட்டுக்கொடுத்தேன். இறக்கத்தில் நிற்கும் வண்டியின் அழுத்தத்தைத் திறந்துவிட்டால் அது நம்மேலேயே உருளும். கியரில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்தேன். டிரம்மில் தண்ணீர் ஊற்றவில்லை. சூடான வார்ப்பிரும்பு விரிசல் கண்டுவிடும். ஒரு பின்சக்கரத்தின் நிப்பிளைத் திறந்தேன், ஆயில் பீறிட்டது, வேகம் தணிவதற்குள் மூடினேன். பெடல் இளகியது. காலடித் தகட்டைத் தூக்கி ராடைத் தொட்டுப் பார்த்தேன். அசைவே இல்லை. பிஸ்டனை முட்டிக்கொண்டு நின்றது. பழைய சிலிண்டருக்கு வைத்த நீளத்திலேயே புதியதற்கும் ராடை மாட்டியிருந்தார்கள். பூட்டு நட்டைத் தளர்த்தி, ராடை மூன்று சுற்றுச் சுருக்கினேன். பெடலில் இலேசான ஆட்டம் வந்தது. தொட்டிக்குள் பார்த்துக்கொண்டே பெடலைக் கையால் அழுத்தினேன். டார்ச் வெளிச்சத்தில் அந்தச் சிறிய நீரூற்று எழுந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் எழாமல்போன நீரூற்று.

டிரம்கள் ஆறும்வரை ஒரு மணி நேரம் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தேன். மாமா உட்கார்ந்த கல்லும் இந்தப் பக்கத்தில்தான் எங்கோ இருக்கவேண்டும். பிறகு முதல் கியரில் முந்தல்வரை இறங்கினேன். ஒவ்வொரு வளைவுக்கும் நிறுத்திச் சக்கரத்தருகே கை நீட்டிப் பார்த்தேன். சூடில்லை. வீட்டுக்குப் போகும் தெருவில் திரும்பாமல், ஊரின் மேற்குக் கோடியில் இருந்த மாமாவின் வீட்டுக்குப் போனேன்.

மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எழுந்து நின்றுவிட்டார். நான் ஒப்பனை எதுவும் செய்யாமல் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, டப்பா, தம்ளர், மேஸ்திரி கேட்டது, நான் சொன்னது. அத்தை நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். மாமா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வெகுநேரம் கழித்து, "அப்ப செகண்ட்லதான் வந்திருக்கேன்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவரே சொன்னார்: "எனக்கே சந்தேகம் வந்திருச்சு மாப்ள. எல்லாரும் சொல்லச் சொல்ல, தேர்டுல விட்டுட்டோமோன்னு. ஸ்டோர்ல ராத்திரி காவலுக்கு உட்கார்ந்திருப்பேன்ல, அந்த வளைவுக்கு முன்னாடி கை எங்க இருந்துச்சுன்னு தினம் யோசிப்பேன். செகண்டுன்னு தோணும். விடியுறப்ப தேர்டுன்னு தோணும்."

அவர்மீது பிறர் சுமத்திய பழியை அவர் சுமந்துகொண்டிருக்கிறார் என்றுதான் இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தேன். அவர் அதை நம்பத் தொடங்கியிருப்பார் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் அந்தச் சாலையை அறிந்திருந்த தம் காலை அவர் நம்பாமல் போனதற்கு, நான் ஊற்றியது காரணமல்ல. நான் சொல்லாததுதான் காரணம்.

"உங்க அப்பாவுக்குத் தெரியுமாடா?" என்று அத்தை கேட்டாள்.

"தெரியாது அத்தை."

"அப்ப தெரியாமலேயே போயிட்டாரு" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அன்று அவள் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. கொடுத்திருந்தால் குடித்திருக்க முடியாது. காறையெலும்பு முறிந்த அந்த அம்மாவைப் பார்க்க அடுத்த வாரம் போனேன். அது இன்னும் முடியாத கதை. முடிந்ததாகச் சொல்லி இந்தக் கட்டுரையை அழகாக்க விரும்பவில்லை.

நான் கிளம்ப எழுந்தபோது மாமா திண்ணையிலிருந்து இறங்கி ஜீப்பிடம் வந்தார். இருபது ஆண்டுகளாக அவர் தொடாத வண்டி. முன்சக்கரத்தின் அருகே புறங்கையை நீட்டிப் பார்த்தார். பிறகு ஓட்டுநர் பக்கம் குனிந்து, பெடலைக் கையால் மெல்ல அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினார்.

"ராடு எத்தனை சுத்துக் குறைச்ச?"

"மூணு, மாமா."

"பத்தாது. அரை இஞ்ச் வரணும். இன்னொரு சுத்து விடு."

கருவிப்பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார். தெருவிளக்கு வெளிச்சம் போதாமல் இருந்தது. அவர் வேலை முடிக்கும்வரை டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.